யூனிசைக்கிள் டூரிங் கைப்பிடி: பொருத்துவது, பழகுவது, உறுதியைச் சோதிப்பது

ஒற்றைச் சக்கர வண்டியான யூனிசைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களின் வண்டியைக் கவனித்தால், சீட்டின் மூக்கிலிருந்து ஒரு குழாய் முன்னால் நீண்டிருக்கும். அதன் நுனியில் குறுக்காக ஒரு சின்னக் கம்பி, கம்பியில் ரப்பர் கிரிப், பக்கத்தில் பிரேக் லிவர். இதுதான் டூரிங் கைப்பிடி. வண்டியைத் திருப்பும் ஹேண்டில்பார் இது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் யூனிசைக்கிளில் ஃபிரேமும் சீட்டும் ஒன்றாக இறுகிக் கிடப்பவை; தனியாகத் திரும்ப அங்கே எதுவும் இல்லை. திருப்புவது இடுப்பும் உடம்பின் சாய்வும்தான்.

பிறகு எதற்கு இந்தக் கம்பி? முதல் காரணம் உட்காரும் இடம். யூனிசைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் ஓடும்வரை கால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி எழுந்து நின்று இடுப்புக்கு ஓய்வு கொடுப்பார்; இங்கே அந்த வசதி இல்லை. உடம்பின் பாரம் பெரும்பாலும் தொடைகளுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதியில் இறங்குகிறது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்த, கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். முன்னால் கை ஊன்ற ஓர் இடம் கிடைத்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். அப்புறம், பெரிய சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமுமாக லேசாக நெளியும். கைப்பிடி அந்த நெளிவை அடக்கும். மேட்டில் ஏறும்போது கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டால் காலுக்கு உந்த ஒரு பிடிமானம் கிடைக்கும்.

2008இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்த ‘ரைட் த லாப்ஸ்டர்’ என்ற யூனிசைக்கிள் தொடர் ஓட்டத்தின் நீளம் 800 கி.மீ. அதற்கு முந்தைய ஆண்டு சாம் வேக்லிங் வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில் 24 மணி நேரத்தில் 453 கி.மீ.க்கு மேல் ஓட்டினார். எட் பிராட் என்ற ஆங்கிலேய இளைஞர் 2015இல் கிளம்பி 2018இல் யூனிசைக்கிளிலேயே உலகைச் சுற்றி வீடு திரும்பினார். இப்படிப்பட்ட தூரங்களைக் கேள்விப்பட்டுவிட்டு நீங்களும் 29 அல்லது 36 அங்குல வண்டி வாங்கியிருக்கிறீர்கள், ஒரு டூரிங் கைப்பிடியும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கைப்பிடி உடையுமா என்பதுதான் புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. குழாய் அவ்வளவு சீக்கிரம் உடையாது. முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அது பற்றியிருக்கும் இடம்: சீட்டின் அடித்தட்டு, அதில் உள்ள போல்ட் துளைகள், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டின் தலைத்தகடு. ஆகவே கைப்பிடியை மட்டும் சோதித்துப் பயனில்லை. கிரிப்பிலிருந்து ஃபிரேம் கிளாம்ப் வரை முழு வரிசையையும் சோதிக்க வேண்டும்.

இப்போதே வேண்டுமா?

ஓட்டப் பழகும் காலத்தில் டூரிங் கைப்பிடி வேண்டாம். விழும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி உங்களுக்கும் ஆபத்து, கம்பிக்கும் ஆபத்து. சுவரையோ கம்பத்தையோ பிடிக்காமல் வண்டியில் ஏற வர வேண்டும். சீட்டோடு வரும் சின்னப் பிடியை ஒரு கையால் பிடித்தபடி சில கிலோமீட்டர் அலட்டல் இல்லாமல் போக வர வேண்டும். அதற்குப் பிறகு வாங்கினால் போதும். 20 அங்குலச் சக்கரத்தில் பழகுகிறவருக்கு இது தேவையே இல்லை.

எந்த வகை?

கைப்பிடி சீட்டோடு சேரும் விதம் இரண்டு. ஒன்று, சீட்டின் மூக்கில் உள்ள சின்னப் பிடியைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் பூட்டுவது. இன்னொன்று, சீட்டின் அடித்தட்டுக்கும் சீட் போஸ்ட்டின் தலைத்தகட்டுக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகி, அதிலிருந்து குழாயை முன்னால் நீட்டுவது. முதல் வகை எடை குறைவு, பூட்டுவது சுலபம். ஆனால் இழுக்கும் விசை முழுவதும் சீட்டின் மூக்குப் பகுதியில்தான் விழும். இரண்டாவது வகையில் விசை நேராக சீட் போஸ்ட்டுக்குப் போகும், சீட் பிழைக்கும். உடம்பு கனமானவர்கள், மலைப்பாதைக்காரர்கள் இரண்டாவதை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. சாதாரணத் தார்ச்சாலைக்கு முதல் வகையே தாராளம்.

இதை எழுதும்போது ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். பூட்டும் போல்ட்டுகளுக்கு 25 செ.மீ. முன்னால் உங்கள் கை இருக்கிறது. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 5 செ.மீ. என்று வையுங்கள். கையால் 20 கிலோ விசையில் இழுத்தால், நெம்புகோல் கணக்குப்படி போல்ட்டில் விழுவது ஏறக்குறைய 100 கிலோ. குழாயை இன்னும் 10 செ.மீ. நீட்டினால் அது 140 ஆகும். கைப்பிடி நீள நீளச் சொகுசு கூடலாம், ஆனால் அதற்கான விலையைச் சீட்டின் பிளாஸ்டிக் கொடுக்கிறது.

எஃகா அலுமினியமா? எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசையை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் சோர்ந்துபோகாமல் தாங்கும். முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்தும் காட்டும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சிறு விசையும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகும், விரிசல் சொல்லாமல் முறியும். அதற்காக அலுமினியத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அவ்வப்போது துடைத்துப் பார்க்கவும், காலம் வந்தால் மாற்றவும் மனம் இருந்தால் போதும்.

கிறிஸ் ஹோம், நிம்பஸ் என்ற யூனிசைக்கிள் பிராண்டுகளின் டி-பார், ஷேடோ போன்ற கைப்பிடிகள் கடைச்சரக்கு. இவையெல்லாம் வருவதற்கு முன்பிருந்தே யூனிசைக்கிள்காரர்கள் சைக்கிள் ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு), பழைய ஹேண்டில்பார் துண்டு, பார்-எண்ட் (ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் கொம்பு) இவற்றை வைத்துத் தாங்களே செய்துகொண்டுதான் இருந்தார்கள். நீங்களும் பட்டறையில் செய்துகொள்ளலாம். அப்படியானால் எஃகிலேயே செய்யச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பியின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. இருந்தால்தான் வழக்கமான கிரிப்பும் பிரேக் லிவரும் சரியாக உட்காரும். மூலைகளில் ஒரு முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் போடச் சொல்லுங்கள். அலுமினியத்தைப் பட்டறை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டிவிட முடியும்தான். ஆனால் 6061-டி6 போன்ற கலவை வெல்டிங் சூட்டில் தன் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடும். மறுபடி முறையாகச் சூட்டுப் பதப்படுத்தினால்தான் திரும்பி வரும். சின்னப் பட்டறையில் அது நடக்கிற காரியமல்ல. எதைச் செய்தாலும் சீட்டின் அடித்தட்டில் புதிதாகத் துளை போடாதீர்கள். விரிசல் கிளம்புவதற்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

பொருத்துவது

1. சீட்டின் உறையை விலக்கி அடித்தட்டைப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கா, உள்ளே உலோகத் தகடு கொடுத்திருக்கிறார்களா, கார்பன் ஃபைபரா என்று தெரிந்துகொள்ளுங்கள். வெறும் பிளாஸ்டிக் தட்டு என்றால் கையால் மூக்கை அழுத்தினாலே நெளியும். அதில் நீளக் கைப்பிடி வைக்க வேண்டாம். துளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அந்தத் தட்டு ஏற்கெனவே களைத்துவிட்டது என்று பொருள். முதலில் சீட்டை மாற்றுங்கள்.

2. பழைய பிடியைக் கழற்றுங்கள். அதையும் அதன் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பயணத்தில் புதியது உடைந்தால் இதுதான் கைகொடுக்கும்.

3. போல்ட்டின் மரையைத் துணியால் துடைத்துவிட்டுக் கையாலேயே முடுக்கிப் பாருங்கள். பாதியில் முரண்டு பிடித்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். மரை மாறி ஏறுகிறது. போல்ட்டின் தலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அகலமான வாஷர் கட்டாயம்.

4. அதிர்வில் போல்ட் தளராமல் இருக்க நீல நிற லாக்டைட் போடுவது உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்குச் சரி. பிளாஸ்டிக்கின் மேல் அது வழியக் கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்குகள் அந்தத் திரவம் பட்டாலே நொறுங்கத் தொடங்கும். சீட்டின் அடித்தட்டில் நைலான் வளையம் வைத்த நட்டைப் போடுவது மேல். குழாய்க்குள் குழாய் செருகும் இடத்தில் மெல்லக் கிரீஸ் தடவுங்கள். கைப்பிடியின் மேல் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த உப்பு எஃகையும் அலுமினியத்தையும் ஒட்டிப்பிடிக்க வைத்துவிடும்.

5. எல்லாப் போல்ட்டையும் பாதிப் பாதியாக, மாற்றி மாற்றி முடுக்குங்கள். கைப்பிடியோடு வந்த தாளில் டார்க் அளவு, அதாவது எவ்வளவு பலமாக முடுக்க வேண்டும் என்ற எண், கொடுத்திருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் சின்ன எல் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்குங்கள். நீளப் பக்கத்தில் பிடித்துத் தொங்கினால் மரை போய்விடும்.

6. இறுக்கிய பிறகு, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடு இழுங்கள். குழாய் செருகும் இடத்திலும், குறுக்குக் கம்பியும் கிளாம்பும் சேரும் இடத்திலும், சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்திலும் இதே மாதிரி. கோடு விலகியிருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. பின்னால் வரும் சோதனைகளில் பாதி இந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான்.

7. பிரேக் லிவரைக் கொஞ்சம் தளர்வாகவே பூட்டுங்கள். ஓட்டும்போது நகரக் கூடாது; கையால் பலமாக அடித்தால் சுழல வேண்டும். வண்டி விழும்போது லிவர் சுழன்றால் தப்பிக்கும், இறுகிக் கிடந்தால் ஒடியும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாயின் நீளம் போதுமா என்று பாருங்கள். டயரிலும் உரசக் கூடாது, முழங்காலிலும் மாட்டக் கூடாது.

8. கம்பியின் இரண்டு முனைகளையும் மூடியால் அடையுங்கள். திறந்த குழாய் முனை விழும்போது வட்டமாகச் சதையை வெட்டும். சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.

உயரமும் நீளமும்

சுவரோரம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரு தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். முதலில் கைப்பிடியை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டை. உயரம் சீட்டின் மூக்குக்குச் சமமாக, அல்லது இரண்டு விரல் மேலே. கையை வைத்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் காதை நோக்கி எழும்பக் கூடாது. பெடலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முழங்கால் மேலே வரும்போது குறுக்குக் கம்பியில் இடிக்கிறதா? தொடை குழாயில் உரசுகிறதா? சுவரோரம் உரசாதது மேட்டில் முன்னால் குனியும்போது உரசும். ஆகவே குனிந்தும் பாருங்கள்.

பழகப் பழக 1 அல்லது 2 செ.மீ. நீட்டுங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். குழாயில் அதிகபட்ச நீளத்துக்கான குறி இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே செருகியிருக்கும் பகுதி போதாமல் விளிம்பில் வளையும். சீட்டின் கோணத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். கை முன்னால் போகும்போது இடுப்பும் கொஞ்சம் முன்னால் உருளும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் அது குத்தும்.

கை வைக்கப் பழகுவது

காலியான, தட்டையான இடத்தில் தொடங்குங்கள். ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம், முழங்கால் கவசம் மூன்றும் வேண்டும்.

முதலில் வழக்கம்போலச் சீட்டின் மூக்கைப் பிடித்து ஏறுங்கள். நேராக ஓட ஆரம்பித்த பிறகு ஒரு கையை மட்டும் கைப்பிடியின் நடுவில், குழாய் சேரும் இடத்தில் வையுங்கள். பிடிக்க வேண்டாம், விரல்களைச் சும்மா மேலே வைத்தால் போதும். மற்றக் கை காற்றில் தன் வேலையைப் பார்க்கட்டும். ஒரு சுற்று போய்வந்ததும் கையை மாற்றுங்கள். வலது கைக்காரருக்கு இடது கை வைக்கும்போது வண்டி திடீரென்று வேறு வண்டி போலத் தோன்றும். அது பழகுகிறவரை இரண்டு கையும் வைக்க வேண்டாம்.

இரண்டு கையும் வைத்ததும் முதலில் தெரிவது, சமநிலைக்கு ஆடிக்கொண்டிருந்த கைகள் கட்டுண்டுவிட்டன என்பதுதான். இனி எல்லாத் திருத்தமும் இடுப்பிலிருந்தும் கால் வேகத்திலிருந்தும் வர வேண்டும். பதற்றத்தில் கைப்பிடியை இடமும் வலமுமாக முறுக்கத் தோன்றும். முறுக்கினால் வண்டி நெளியும், நெளிந்தால் இன்னும் முறுக்குவீர்கள். அந்த நேரத்தில் ஒரு கையை விட்டுவிடுங்கள், உடனே அடங்கும்.

அடுத்தது பாரத்தை மாற்றுவது. உள்ளங்கையை மேலே வைத்து, சீட்டில் அழுத்தம் குறைவது தெரியும் அளவுக்கு மட்டும் மெல்லச் சாயுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கையில் சாய்ந்தால் உங்கள் எடை சக்கரத்துக்கு முன்னால் போகிறது, அதற்கேற்பக் கால் வேகமாக மிதிக்க வேண்டும். முழுப் பாரத்தையும் கையில் போட்டு ஓட்டுகிறவர் சாலையில் ஒரு குழியைப் பார்க்காமல் விட்டால் தலைகுப்புற விழுவார். கை சட்டென்று விலகினாலும் விழாமல் ஓட்ட முடிகிற அளவுதான் சரியான பாரம். ஓடும்போதே அவ்வப்போது கையை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மணிக்கட்டு வளைந்து நிற்கக் கூடாது. அப்படி நெடுநேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கும்.

மேட்டில் நேர்மாறு. அங்கே சாய்வதில்லை, கீழிருந்து விரல்களால் பிடித்து மேல்நோக்கி இழுப்பது. இழுப்பும் மிதியும் ஒரே தாளத்தில் வர வேண்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது கைப்பிடி தொடைகளுக்கு நடுவே வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும். இந்த மேட்டு இழுப்புதான் சீட்டின் அடித்தட்டைத் தின்னும் இழுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக்கைக் கடைசியாகப் பழகுங்கள். லேசான இறக்கத்தில் ஒரே விரலால் லிவரைத் தொட்டு, உரசல் தெரிந்ததும் அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள். யூனிசைக்கிள் பிரேக் பெரும்பாலும் இறக்கம் முழுவதும் மெல்ல உரசிக்கொண்டு, முழங்காலின் வேலையைக் குறைப்பதற்காகத்தான் இருக்கிறது. சட்டென்று பிடித்தால் வண்டி நிற்கும், நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள்.

விழுவதையும் பழக வேண்டும். எதிர்பாராமல் இறங்குவதை யூனிசைக்கிள்காரர்கள் யு.பி.டி. என்பார்கள். பெரும்பாலும் நீங்கள் முன்னால் குதித்து ஓடுவீர்கள், வண்டி பின்னால் சாயும். கை கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டால் ஓட முடியாது, கம்பி வயிற்றில் குத்தும். மெதுவான வேகத்தில் வேண்டுமென்றே ‘விடு, குதி’ என்று பழகிக்கொள்ளுங்கள். பெரிய வண்டியைக் காப்பாற்ற முயல வேண்டாம். கைப்பிடியை மாற்றலாம்.

நிறுத்தி வைத்துச் சோதிப்பது

இதைப் பயணத்துக்கு முன், வீட்டிலேயே செய்யலாம். தேவைப்படுபவை: ஒரு வாளி தண்ணீர், பயணப்பை எடை பார்க்கும் கொக்கித் தராசு, அளவு டேப், கயிறு, உதவிக்கு ஒரு ஆள்.

முதலில் உங்கள் சொந்த விசையை அளந்துகொள்ளுங்கள். கொக்கித் தராசை ஒரு ஜன்னல் கம்பியிலோ கனமான பொருளிலோ மாட்டி, மேட்டில் ஏறும்போது கைப்பிடியை எவ்வளவு பலமாக இழுப்பீர்களோ அவ்வளவு இழுத்துப் பாருங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் கொடுக்கப்போகும் சோதனை விசை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றி நல்ல சாமானை நீங்களே வளைத்துவிட வேண்டாம்.

கீழ் அழுத்தம்: வண்டியை ஒரு தூணோடு சேர்த்து, ஃபிரேமைக் கயிற்றால் கட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள். கைப்பிடியின் நுனியிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். 10 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியைக் குறுக்குக் கம்பியின் நடுவில் தொங்கவிடுங்கள். அது 10 கிலோ. மறுபடி அளந்து பாருங்கள். வாளியை எடுத்துவிட்டு மூன்றாவது முறை அளந்து பாருங்கள். முதல் அளவும் மூன்றாவது அளவும் ஒன்றாக இருந்தால் நல்லது. நடு அளவில் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு, எல்லாப் பொருளும் கொஞ்சம் வளைந்து நிமிரும். எடுத்த பிறகும் நுனி தாழ்ந்தே இருந்தால் இரண்டில் ஒன்று: ஏதோ நழுவியிருக்கிறது, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது. மார்க்கர் கோடு விலகியிருந்தால் நழுவல்; இறுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். கோடுகள் எல்லாம் நேராக இருந்தும் நுனி தாழ்ந்திருந்தால் வளைவு. எது வளைந்தது என்று தேடுங்கள். சீட் போஸ்ட்டின் தலைத்தகட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

மேல் இழுப்பு: உதவிக்கு வந்தவர் ஃபிரேமைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ள, தராசின் கொக்கியைக் குறுக்குக் கம்பியில் மாட்டி மேலே இழுங்கள். நீங்கள் குறித்த எண் வரும்வரை மெதுவாக. இழுத்துப் பிடித்திருக்கும்போது, இன்னொரு கையின் விரலைச் சீட்டின் அடித்தட்டுக்கும் தலைத்தகட்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். இடைவெளி திறந்து மூடுவது விரலுக்குத் தெரிந்தால், அடித்தட்டு அங்கே மூச்சு விடுகிறது. கொஞ்சம் என்றால் பரவாயில்லை. கண்ணால் பார்க்கும் அளவுக்குத் திறந்தால் அகல வாஷரோ, உள்ளே ஒரு உலோகத் தகடோ, வேறு சீட்டோ வேண்டும்.

முறுக்கு: அதே வாளியைக் குறுக்குக் கம்பியின் ஒரு முனையில் மட்டும் தொங்கவிடுங்கள். பிறகு மறு முனையில். ஒரு கையால் மட்டும் பிடித்து ஏறும்போது கைப்பிடி படும் பாடு இதுதான். கம்பி கிளாம்புக்குள் சுழன்றால் கிளாம்பின் உட்பக்கம் எண்ணெய்ப்பசை இருக்கலாம், துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

பிறகு ஒலி. கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் இடமும் வலமும் ஆட்டுங்கள். ‘கிறீச்’ என்றால் இரண்டு பரப்புகள் உரசுகின்றன. ‘டக்’ என்றால் ஏதோ ஓட்டையில் ஆடுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துத் தேடினால் எங்கே என்று கையே சொல்லும். புதுக் கைப்பிடியில் வரும் கிறீச் பெரும்பாலும் கிரீஸ் போடாத செருகல். பழைய கைப்பிடியில் புதிதாக வரும் கிறீச்சை நான் விரிசல் என்றே வைத்துக்கொண்டு தேடுவேன். இல்லை என்று தெரிந்தால் நிம்மதி.

ஓட்டிச் சோதிப்பது

நிறுத்தி வைத்த சோதனை காட்டாத ஒன்று உண்டு, அது உலோகச் சோர்வு. 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.87 மீட்டர் போகும். 100 கி.மீ. பயணத்தில் சுமார் 35,000 சுற்று, அதாவது 70,000 மிதி. ஒவ்வொரு மிதிக்கும் கைப்பிடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. சைக்கிளுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தில் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சோர்வுச் சோதனை செய்யும்போது ஒரு கட்டத்துக்கு 1,00,000 முறை விசை கொடுப்பார்கள். அது பலமான விசை, உங்கள் மிதியில் வருவது சிறிது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் பயணத்தில் தாண்டிவிடுவீர்கள். அந்தத் தரம் சைக்கிளுக்கு எழுதியது, யூனிசைக்கிள் சீட்டின் மூக்கில் தொங்கும் கம்பிக்கு எழுதியதல்ல. ஆகவே பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் பொறுப்பு உங்கள் கையில்தான்.

முதல் 5 கி.மீ. தட்டையான சாலையில் போய் வந்ததும் எல்லாக் கோடுகளையும் பாருங்கள். புது வாஷர் படிந்து போல்ட் தளர்வது இந்த முதல் ஓட்டத்தில்தான். இறுக்கிவிட்டுக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். அடுத்து 20 கி.மீ., கொஞ்சம் மேடு சேர்த்து. பிறகு பயணத்தில் கொண்டுபோகப் போகும் பையையும் மாட்டி ஒரு முழு நாள். இந்த மூன்றையும் தாண்டிய கைப்பிடியை நம்பி வெளியூர் போகலாம். ஒரு நாளில் மூன்றையும் முடிக்க முயல வேண்டாம்; கோடுகளைப் பார்ப்பதற்குப் பொறுமை இருக்காது.

பலமாக விழுந்த பிறகு மட்டும் கணக்கு வேறு. ஓட்டும்போது வரும் எந்த விசையையும்விட, 36 அங்குல வண்டியின் சீட்டு உயரத்திலிருந்து கைப்பிடி நுனி தார்ச்சாலையில் மோதும் விசை பெரிது. அப்படி விழுந்தால் அங்கேயே நின்று பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

விரிசல் தேடுவது

விரிசல் எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. வெல்டிங் முடிந்து வெறுங்குழாய் தொடங்கும் அந்த ஓரம், போல்ட் துளைகளின் விளிம்பு, கிளாம்பின் வாய், குழாய் செருகும் இடத்தின் உதடு, கூரான வளைவின் உட்புறம், இவ்வளவுதான். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் விரிசல் மறைந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் நூல் மாட்டும். நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டும். பெயின்ட்டில் மட்டும் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு உலோகத்தைப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் டி.பி. டெஸ்ட் என்று கேளுங்கள். துடைக்கும் திரவம், சிவப்புத் திரவம், வெள்ளைப் பொடி என்று மூன்று ஸ்பிரே டப்பா. சிவப்பை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால் விரிசலுக்குள் போயிருந்த சிவப்பு மேலே கசிந்து கோடாகத் தெரியும். பெயின்ட் இல்லாத உலோகத்தில்தான் இது செல்லும்.

விரிசல் கண்ட அலுமினியத்துக்கு வைத்தியம் இல்லை, தூக்கிப் போடுங்கள். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தவும் வேண்டாம். எஃகுக் குழாயை ஒருமுறை வெல்டிங் போட்டு ஊர் திரும்பலாம்; திரும்பியதும் மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் அடித்தட்டில் துளையிலிருந்து கோடு கிளம்பியிருந்தால் பசையை நம்பாதீர்கள்.

சுமையும் பயணமும்

கைப்பிடியில் விளக்கு, மணி, சைக்கிள் கம்ப்யூட்டர், மழைக்கோட்டு வைக்கும் சின்னப் பை வரை சரி. தண்ணீர் பாட்டில்கள், டென்ட், பூட்டுச் சங்கிலி எல்லாம் அங்கே வேண்டாம். 3 கிலோ பை ஒவ்வொரு குழியிலும் எகிறி விழும்போது 3 கிலோவாக இருப்பதில்லை. அதோடு சுமை முன்னால் தொங்கினால் வண்டி திரும்ப மறுக்கும், ஏறுவதும் கடினம். கனத்தை முதுகிலோ சீட்டுக்குப் பின்னாலோ வையுங்கள். பையின் வார்கள் தொங்கக் கூடாது. குதிக்கும்போது கால் மாட்டும்.

கூட எடுத்துப் போக வேண்டியவை: அதே அளவில் இரண்டு போல்ட், நைலான் நட்டு, அகல வாஷர், எல் கீ, இரண்டு ஹோஸ் கிளிப், பழைய சின்னப் பிடி. வழியில் கைப்பிடி தளர்ந்து நிற்காவிட்டால் ஹோஸ் கிளிப்பை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அதன் பிறகு அதில் சாய வேண்டாம், லிவரைத் தாங்கினால் போதும். முழுவதும் உடைந்துவிட்டால் கழற்றிவிட்டு, லிவரைச் சீட்டுக்கடியில் கட்டி, பழைய பிடியோடு மெதுவாகப் போங்கள்.

பஸ்ஸிலோ ரயிலிலோ வண்டியை ஏற்றும்போது கைப்பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள், அல்லது உள்ளே தள்ளிக் குட்டையாக்குங்கள். மூட்டைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத் தூக்குபவர்கள் வண்டியையே அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், பக்கவாட்டில் முறுக்கியபடி. ஹைட்ராலிக் பிரேக் குழாயைப் பிரிக்க முடியாது என்றால் லிவரை மட்டும் கம்பியிலிருந்து விடுவித்து ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். இறங்கியதும் திரும்பப் பூட்டி, கோடுகளைச் சேர்த்து, ஒரு தடவை வாளி அளவுக்கு அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.